பால்போல் வெளுத்த ரத்த மாதிரி: கொழுப்பை அகற்றும் நொதி எங்கே தடுமாறுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து நம் குடும்பங்களில் ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் கண் போவது சர்க்கரை அளவுக்கு. அடுத்தது கொலஸ்டிரால். அதற்குப் பக்கத்திலேயே 'ட்ரைகிளிசரைடு' என்றொரு வரி இருக்கும். அதன் எதிரே 11 என்றோ 14 என்றோ எண் இருந்து, அடியில் 'மாதிரி லைபீமிக்; எல்.டி.எல். கணக்கிடப்படவில்லை' என்ற குறிப்பும் இருந்தால் வீட்டில் குழப்பம் தொடங்கிவிடும். எல்.டி.எல். என்பது 'கெட்ட கொலஸ்டிரால்' என்று சொல்லப்படுவது. லைபீமிக் என்றால், சிவப்பணுக்களைப் பிரித்த பிறகு மேலே தேங்கும் தெளிநீர், தெளிவாக இல்லாமல் கொழுப்பேறிக் கலங்கியிருக்கிறது என்று பொருள். அளவு மிக அதிகமானால் அது பாலைப்போலவே வெளுத்துவிடும்.

இது கொலஸ்டிராலா, வேறா? முந்தின நாள் விருந்து ஒன்றால் வந்ததா? மருந்துக்கடையில் விற்கும் 'லைப்பேஸ்' மாத்திரையை விழுங்கினால் கரையுமா? இந்த மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: நம் தந்துகிகளின் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின்) உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் ஒரு நொதியில்.

எண்ணெய் எப்படி ரத்தத்தில் பயணம் போகிறது?

நாம் உண்ணும் நெய், எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாம் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுதான். ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் கோத்த அமைப்பு அது. தண்ணீரில் கரையாது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலோ பெரும்பங்கு தண்ணீர். ஆகவே கொழுப்பை அப்படியே ரத்தத்தில் விட முடியாது. பொட்டலம் கட்டித்தான் அனுப்ப வேண்டும். நடுவே கொழுப்பு, மேலே பாஸ்போலிப்பிடும் புரதமும் சேர்ந்த மெல்லிய உறை. இந்தப் பொட்டலத்துக்கு லைப்போபுரோட்டீன் என்று பெயர்.

ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் பொட்டலங்கள் இரண்டு வகை.

1. கைலோமைக்ரான். குடல் கட்டுவது, சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமப்பது. எடையில் சுமார் 85 முதல் 90 சதவீதம் ட்ரைகிளிசரைடு. மற்றப் பொட்டலங்களோடு ஒப்பிட்டால் இது பூதாகாரமானது, அதனால்தான் ஒளியைச் சிதறடித்து ரத்தநீரை வெளுப்பாக்குகிறது. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகாது. நிணநீர்க் குழாய் வழியே மேலேறி, இடது கழுத்தெலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய சிரையில் வந்து ரத்தத்தில் கலக்கிறது.

2. வி.எல்.டி.எல். கல்லீரல் கட்டுவது. நாம் கொழுப்பே சாப்பிடாத நேரத்திலும் இது உற்பத்தியாகும். மிஞ்சிய சர்க்கரை, மது, கொழுப்புத் திசுவிலிருந்து வந்து சேரும் கொழுப்பமிலம் ஆகியவைதான் இதற்கு மூலப்பொருள்.

மூன்று லிட்டரில் நாலரை கிராம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த நொதியின் வேலைப்பளு புரியும். வளர்ந்த ஒருவரின் உடலில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு 1.7 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். தென்னாப்பிரிக்க அறிக்கைகள் மில்லிமோல்/லிட்டர் கணக்கில் வருகின்றன. இந்தியாவிலிருந்து வரும் காணொளிகளிலும் கட்டுரைகளிலும் மில்லிகிராம்/டெசிலிட்டர் இருக்கும். அதற்கு மாற்ற 88.5-ஆல் பெருக்க வேண்டும். 1.7 என்பது 150 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 1.5 கிராம். மூன்று லிட்டருக்கும் சேர்த்து நாலரை கிராம். ஒரு தேக்கரண்டி எண்ணெயின் எடை அவ்வளவுதான்.

இப்போது ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டன் குழம்பு, நெய் தடவிய ரொட்டி, எண்ணெயில் ஊறிய மாங்காய் அச்சார், இரண்டு சமோசா. மூன்று மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சமமான கொழுப்பு உள்ளே போவது இதில் சர்வசாதாரணம். அதுவே 40 கிராமுக்கு மேல். ரத்தத்தில் மொத்தமாக இருப்பதைப்போல் ஒன்பது மடங்கு, ஒரே வேளையில். அப்படியிருந்தும் ஆரோக்கியமான ஒருவருக்கு 3, 4 மணி நேரத்தில் அளவு ஓரளவு ஏறி, 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கைலோமைக்ரான் சுமந்து வரும் கொழுப்பில் பாதி, ரத்தத்துக்குள் வந்த பத்து நிமிடத்துக்குள் இறக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான் காரணம். வருவது வரவர வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

அறிக்கையில் 14 என்று இருந்தால் பிளாஸ்மாவில் சுமார் 37 கிராம் கொழுப்பு தேங்கி நிற்கிறது. ஏறக்குறைய ஒரு முழு விருந்தின் கொழுப்பு, இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நாய்களுக்குப் போட்ட ஊசியும் தெளிந்த ரத்தமும்

இந்த நொதி இருப்பது தெரியவந்ததே தற்செயல்தான். 1943-இல் அமெரிக்காவில் பால் ஹான் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். கொழுப்புணவு தின்ற நாய்களின் ரத்தநீர் கலங்கியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியைப் போட்டதும் அது தெளிந்துவிட்டது. அதே ஹெப்பாரினைச் சோதனைக் குழாயில் இருந்த கலங்கிய ரத்தநீரோடு கலந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆக, கொழுப்பைக் கரைத்தது ஹெப்பாரின் இல்லை. உடலுக்குள் எங்கோ ஒட்டியிருந்த ஒன்றை அது பெயர்த்து ரத்தத்தில் விட்டிருக்கிறது. சில காலம் இதைத் 'தெளிவிக்கும் காரணி' என்றே அழைத்தார்கள். 1955-இல் எட்வர்ட் கோர்ன் இதயத் திசுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்து, லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்று பெயரிட்டார். சுருக்கமாக எல்.பி.எல்.

'ரத்தத்தில் உள்ள நொதி' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் எல்.பி.எல். ரத்தத்தோடு ஓடுவதில்லை. தந்துகிச் சுவரில் நின்றபடி, ஓடிவரும் பொட்டலங்களைப் பிடித்துப் பிரிக்கிறது. இந்த ஒரு விவரம் மனதில் நின்றால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

பொட்டலம் பிரியும் வரிசை

1. எல்.பி.எல். உருவாவது இதயத்தசை, எலும்புத்தசை, கொழுப்புத் திசு ஆகியவற்றின் செல்களில். ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள் இதைத் தயாரிப்பதில்லை. புதிதாகப் பிறந்த புரதச் சங்கிலியைச் சரியாக மடித்துத் தர எல்.எம்.எஃப்.1 என்ற உதவிப் புரதம் வேண்டும். மடிப்பு தவறினால் நொதி செல்லை விட்டு வெளியே வராது.

2. வெளியே வந்த நொதியைச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்குத் தூக்கி வந்து அங்கேயே நிறுத்திவைப்பது ஜி.பி.ஐ.எச்.பி.பி.1 என்ற நங்கூரப் புரதம். 2007-இல்தான் இதன் வேலை தெரிந்தது. இந்தப் புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரணத் தீனி போட்டபோதே ரத்தநீர் பாலாகிவிட்டது. நொதி போதுமான அளவு இருந்தது; நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துசேரவில்லை.

3. கைலோமைக்ரான் புறப்படும்போது அதில் 'வேலை தொடங்கு' என்று சொல்லும் புரதம் போதிய அளவு இருப்பதில்லை. ரத்தத்தில் கலந்ததும் 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படும் எச்.டி.எல். துகள்களிடமிருந்து அப்போ சி-2 என்ற 79 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை வாங்கிக்கொள்கிறது. இது இருந்தால்தான் எல்.பி.எல். முழு வேகத்தில் இயங்கும்.

4. பொட்டலம் சுவரில் நிற்கும் நொதியிடம் வந்து சிக்குகிறது. நொதி ஒவ்வொரு ட்ரைகிளிசரைடிலிருந்தும் ஓரங்களில் உள்ள இரண்டு கொழுப்பமிலங்களை வெட்டி எடுக்கிறது. அவை சுவரைக் கடந்து தசைக்குள்ளோ கொழுப்புத் திசுவுக்குள்ளோ போய்விடுகின்றன. தசை எரித்துவிடும். கொழுப்புத் திசு மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கோத்துச் சேமித்துவைக்கும்.

5. உள்ளடக்கம் வற்றிச் சுருங்கிய மிச்சப் பொட்டலத்தைக் கல்லீரல் இழுத்துக்கொள்கிறது. கல்லீரலின் சொந்த லைப்பேஸ் நொதி இந்த மிச்சங்களை மேலும் செதுக்க உதவுகிறது. வி.எல்.டி.எல்.-லின் மிச்சத்தில் ஒரு பகுதி அப்படிச் செதுக்கப்பட்டு எல்.டி.எல். ஆகிறது.

இந்த வரிசைக்குத் தடைபோடும் புரதங்களும் உண்டு. அப்போ சி-3 இரண்டு இடத்தில் குறுக்கே நிற்கிறது: எல்.பி.எல்.-லின் வேலையை மந்தமாக்குகிறது, மிச்சத்தைக் கல்லீரல் இழுப்பதையும் தாமதப்படுத்துகிறது. ஆங்கியோபோயட்டின் போன்ற புரதங்கள் என்ற குடும்பத்தில் 3, 4, 8 ஆகிய மூன்றும் நொதியை அடக்கும் வேலை செய்கின்றன. பட்டினி நேரத்தில் 4-ஆம் எண் கொழுப்புத் திசுவின் எல்.பி.எல்.-லை அணைத்துவைக்கிறது, ரத்தத்தில் வரும் கொழுப்பு இதயத்துக்கும் தசைக்கும் போகிறது. சாப்பிட்ட பிறகு 3-உம் 8-உம் சேர்ந்து தசைப்பக்கத்து நொதியை அடக்குகின்றன. கொழுப்பு சேமிப்புக்குப் போகிறது. உடல் தன் கொழுப்பை எந்த வாசலில் இறக்குவது என்பதை வேளைக்கு வேளை மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது!

நடையும் உடற்பயிற்சியும் தசையின் எல்.பி.எல்.-லைக் கூட்டுகின்றன. அந்தக் கூடுதல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். அதனால் இன்று மாலை 45 நிமிடம் வேகமாக நடந்தால் அதன் பலன் நாளைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் நடக்காமல் விட்டால் பலனும் போய்விடும்.

வரிசை நீளும்போது

காவடி நாளில் டர்பனின் உம்பிலோ கோயில் அன்னதான வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும் கைகள் எத்தனையோ அத்தனைதான். நூறு பேர் வந்தால் சற்று நேரம் காத்திருப்பார்கள்; ஆயிரம் பேர் ஒரேயடியாக வந்தால் வரிசை வாசலைத் தாண்டிப் போகும், அதற்குமேல் வருகிற ஒவ்வொருவரும் வரிசையை நீட்டத்தான் செய்வார்கள். எல்.பி.எல்.-லும் அப்படியே. ட்ரைகிளிசரைடு சுமார் 6 முதல் 8 மில்லிமோலைத் தாண்டும்போது நொதி தன் முழுக் கொள்ளளவை எட்டிவிடுகிறது. கைலோமைக்ரானுக்கும் வி.எல்.டி.எல்.-லுக்கும் ஒரே நொதி. இரண்டும் போட்டி போடுகின்றன. அந்த நிலையில் இருப்பவர் ஒரு கொழுப்பான சாப்பாடு சாப்பிட்டால் 8 என்பது ஒரே நாளில் 20-ஐத் தொடலாம்.

'ஒரு விருந்தால் வந்ததா?' என்ற கேள்விக்கு விடை இது. நொதி சரியாக இருப்பவருக்கு ஒரு விருந்து 14-ஐக் கொண்டுவராது. 14 வந்திருக்கிறது என்றால் ஏற்கெனவே வரிசை நின்றிருக்கிறது. விருந்து அதைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது.

வரிசையை நிறுத்தும் காரணங்களில் நம்மவர்களுக்கு முதலாவது, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சர்க்கரையும் கொழுப்பும் தனித்தனி நோய் என்று நினைத்துத் தனித்தனியாக மருந்து தேடுகிறவர்கள் பலர். கொழுப்புத் திசு எல்.பி.எல். தயாரிக்க இன்சுலின் கட்டளை வேண்டும். இன்சுலின் குறைந்தாலோ, இருந்தும் திசு அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, நொதி குறைகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம், சேமிப்பில் இருக்கும் கொழுப்பைக் காவல்காத்து நிற்பதும் இன்சுலின்தான். காவல் தளர்ந்ததும் செல்லுக்குள் இருக்கும் வேறொரு லைப்பேஸ் கட்டவிழ்ந்து, கொழுப்பமிலங்களை வெள்ளமாக ரத்தத்தில் விடுகிறது. கல்லீரல் அவற்றை வாங்கி வி.எல்.டி.எல். கட்டிக் கட்டி அனுப்புகிறது. சரக்கு வரவு கூடுகிறது. இறக்கும் கை குறைகிறது. இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரையைச் சரியாகக் கட்டுப்படுத்தினாலே ட்ரைகிளிசரைடு பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு.

மற்றவை:

1. மது. கல்லீரலில் வி.எல்.டி.எல். உற்பத்தியைக் கூட்டும், கொழுப்பான சாப்பாட்டோடு சேரும்போது கைலோமைக்ரான் வெளியேறுவதும் தாமதமாகும். வார இறுதியில் இறைச்சி சுடும் பிராய் நெருப்பைச் சுற்றி நடப்பது இரண்டும் சேர்ந்ததுதான்.

2. இனிப்புப் பானங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானம் ஒரு லிட்டர் குடித்தால் 100 கிராம் சர்க்கரை. கல்லீரலில் அதன் ஒரு பங்கு கொழுப்பாக மாறுகிறது. புரட்டாசியில் ஒரு மாதமும் காவடிக்குப் பத்து நாளும் இறைச்சியைத் தொடாதவருக்கும் அளவு ஏறுவது இதனால்தான். விரதச் சாப்பாட்டில் பாயசமும் பூரியும் பழச்சாறும் ஏறினால் கல்லீரலுக்கு வேலை குறையாது.

3. தைராய்டு குறைவு, சிறுநீரக நோய், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்கள்.

4. மருந்துகள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், ஸ்டீராய்டு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனநல மருந்துகளில் ஒலான்சபைன், குளோசபைன், எச்.ஐ.வி. மருந்துகளில் ரிட்டோனவிர் சேர்ந்தவை. இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அறிக்கையைக் காட்ட வேண்டும்.

5. பரம்பரை. எல்.பி.எல்., அப்போ சி-2, நங்கூரப் புரதம், எல்.எம்.எஃப்.1, நொதிக்குத் துணைநிற்கும் இன்னொரு புரதமான அப்போ ஏ-5 ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றின் மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் பழுதாக வந்தால் குழந்தைப் பருவத்திலிருந்தே ரத்தநீர் பாலாக இருக்கும். இது பத்து லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வருகிற அரிய நோய். திரும்பத் திரும்ப வயிற்றுவலி, முழங்கையிலும் பிட்டத்திலும் திடீரெனப் பூக்கும் மஞ்சள் நிறச் சிறு கொப்புளங்கள், விழித்திரையில் வெளுத்துத் தெரியும் ரத்தக்குழாய்கள் ஆகியவை இதன் அடையாளம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இரு வழியிலும் ஒரே பழுது சந்திக்க வாய்ப்பு கூடும். ஒரு குழந்தைக்கு உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

அப்போ சி-2 இல்லாத நோய் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1978-இல் கனடாவின் டொராண்டோவில் மிக அதிக ட்ரைகிளிசரைடு உள்ள ஒருவருக்கு வேறொரு காரணத்துக்காக ரத்தம் ஏற்றினார்கள். அளவு மளமளவென இறங்கியது. அவரிடம் நொதி நன்றாகவே இருந்தது. அதை எழுப்பிவிடும் புரதம்தான் இல்லை. மற்றவரின் ரத்தத்தோடு வந்த சிறிதளவு அப்போ சி-2 அந்த வேலையைச் செய்துவிட்டது.

அபாயம் கணையத்தில்

ட்ரைகிளிசரைடு 2 முதல் 5 வரை இருப்பவருக்குப் பிரதானக் கவலை இதயம். 10-ஐத் தாண்டியவருக்கு அதைவிட உடனடிக் கவலை கணையம். அங்குள்ள தந்துகிகளில் கைலோமைக்ரான் நெரிசல் ஏற்பட்டு ஓட்டம் மந்தமாகிறது. கணையத்தின் செரிமான லைப்பேஸ் கொஞ்சம் கசிந்தாலும் அந்தக் கொழுப்பை அங்கேயே வெட்டி, கொழுப்பமிலங்களைக் குவிக்கிறது. அளவுக்கு மிஞ்சிய கொழுப்பமிலம் செல்சவ்வை அரிக்கும். அழற்சி தொடங்கினால் மேலும் லைப்பேஸ் கசியும், மேலும் அரிக்கும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி, குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைவது இவை வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. கேஷுவல்ட்டிக்குப் போய் முதல் வார்த்தையாக 'எனக்கு ட்ரைகிளிசரைடு அதிகம்' என்று சொல்ல வேண்டும். ரத்தநீர் கலங்கியிருக்கும்போது அமைலேஸ் அளவு பொய்யாக இயல்பாகவும், சோடியம் பொய்யாகக் குறைவாகவும் காட்டக்கூடும். காரணம் தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்பப் பார்ப்பார். அங்கே வாயில் எதுவும் கொடுக்காமல் சிரை வழித் திரவமும், தேவைப்பட்டால் குளுக்கோஸோடு இன்சுலினும் செலுத்துவார்கள். புதிய கைலோமைக்ரான் வருவது நின்றதும் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அளவு வெகுவாக இறங்கிவிடும்.

ஹெப்பாரின் போட்டால் தெளியுமே என்று கேட்கலாம். தெளியும், கொஞ்ச நேரத்துக்கு. சுவரிலிருந்து பெயர்ந்த நொதியைக் கல்லீரல் விழுங்கிவிடும். பிறகு சுவர் வெறுமையாகி நிலைமை முன்னைவிட மோசமாகலாம். அதனால் அதை இதற்கான சிகிச்சையாக நம்புவதில்லை.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

முதலில் பெயர்க் குழப்பம். அறிக்கையில் 'லைப்பேஸ்' என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது கணையத்தின் செரிமான நொதி. அது உயர்ந்திருப்பது கணையம் புண்பட்டதன் அறிகுறி. ரத்தக் கொழுப்பு நன்றாகக் கரைகிறது என்பதற்கு அடையாளம் கிடையாது. எல்.பி.எல். அளவு வழக்கமான பரிசோதனைகளில் வராது. மருந்துக்கடை லைப்பேஸ் மாத்திரையும் செரிமான வகைதான். குடலில் வேலை செய்து கொழுப்பு உடலில் ஏற உதவுவது அது. கணையம் சுரக்காதவர்களுக்குத் தேவை. ரத்தத்துக்குள் போகாது, தந்துகிச் சுவரில் போய் ஒட்டவும் ஒட்டாது. ட்ரைகிளிசரைடைக் குறைக்க அதை வாங்குவது பணத்துக்குக் கேடு.

அடுத்தது எல்.டி.எல். கணக்கு. பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.-லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் குழு வெளியிட்ட சூத்திரத்தால் கணக்கிடுகின்றன. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.-லையும், ட்ரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து வருவதையும் கழிக்க வேண்டும். மொத்தம் 5.8, எச்.டி.எல். 1.0, ட்ரைகிளிசரைடு 2.2 என்றால் எல்.டி.எல். 3.8. சரி. அதே சூத்திரத்தை மொத்தம் 7.0, எச்.டி.எல். 0.8, ட்ரைகிளிசரைடு 11 உள்ளவருக்குப் போட்டால் 1.2 என்று வரும். பார்ப்பவர் மகிழ்ந்துபோவார், அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. 4.5-க்கு மேல் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அறிக்கையில் 'கணக்கிடப்படவில்லை' என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கலங்கலுக்கு எந்தப் பொட்டலம் காரணம் என்று அறிய ஒரு பழைய, செலவில்லாத வழி உண்டு. ஆய்வகத்தில் பிளாஸ்மாவைக் குழாயில் ஊற்றி 4 டிகிரி குளிரில் இரவு முழுக்க அசையாமல் வைப்பார்கள். காலையில் மேலே பாலாடைபோல் ஏடு கட்டி, கீழே தெளிவாக இருந்தால் கைலோமைக்ரான் மட்டும். ஏடு இல்லாமல் முழுக்க ஒரே சீராகக் கலங்கியிருந்தால் வி.எல்.டி.எல். ஏடும் கட்டி, அடியும் கலங்கியிருந்தால் இரண்டும். பெரியவர்களிடம், அதிலும் சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி பார்ப்பது இந்த மூன்றாவது.

கொலஸ்டிரால் வேறு பாதை

எல்.டி.எல். கொலஸ்டிராலை அகற்றுவது எல்.பி.எல். இல்லை, கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகள், அதாவது எல்.டி.எல். பொட்டலத்தைப் பிடித்து உள்ளிழுக்கும் புரதங்கள். கொலஸ்டிராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை அந்த ஏற்பிகளைக் கூட்டுகிறது. பரம்பரையாக ஏற்பி பழுதானவருக்கு ரத்தநீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தும் கொலஸ்டிரால் 8, 10 என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளியினரிடம் காணப்படும் அத்தகைய ஒரு பழுதை, ஏற்பியின் 664-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் வருவதை, இங்குள்ள ஆய்வாளர்களே 1992-இல் விவரித்திருக்கிறார்கள்.

இரண்டு பாதையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ட்ரைகிளிசரைடு மிகும்போது சி.இ.டி.பி. என்ற மாற்றுப் புரதம் அதில் கொஞ்சத்தை எச்.டி.எல்.-லுக்குள்ளும் எல்.டி.எல்.-லுக்குள்ளும் தள்ளிவிட்டு, கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. பிறகு கல்லீரல் லைப்பேஸ் அந்த ட்ரைகிளிசரைடை வெட்டியதும் துகள்கள் சுருங்கிவிடுகின்றன. சுருங்கிய எச்.டி.எல். சீக்கிரம் அழிகிறது, சுருங்கிய எல்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைகிறது. ட்ரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு என்ற ஜோடி நம்மவர் அறிக்கைகளில் ஓயாமல் சேர்ந்தே வருவதன் காரணம் இது.

என்ன செய்யலாம்?

அளவு 10-க்கு மேல் இருந்தால் கைலோமைக்ரானை நிறுத்துவது முதல் வேலை. அப்போது எல்லாக் கொழுப்பும் ஒன்றே. ஆலிவ் எண்ணெய், நல்லெண்ணெய், முந்திரி என்று நல்லது கெட்டது பார்க்க இடமில்லை, எல்லாமே கைலோமைக்ரானாகத்தான் வரும். எண் 10-க்குக் கீழே வரும்வரை நாளுக்கு 20, 30 கிராம் மொத்தக் கொழுப்பு என்று உணவியலாளர் வரம்பு கட்டுவார். தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்றாலே நாலரை கிராம் போய்விட்டது. மது முழுமையாக நிற்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, ஆகவே இதற்கு நல்லது என்று பரவும் செய்தி ஆபத்தானது. கைலோமைக்ரானாகாமல் நேரே கல்லீரலுக்குப் போவது 8, 10 கரியணு கொண்ட கொழுப்பமிலங்கள். மருத்துவர் பரிந்துரைக்கும் எம்.சி.டி. எண்ணெய் அவற்றால் ஆனது. தேங்காய் எண்ணெயில் அவை ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பாதிக்குக் கிட்டே இருப்பது 12 கரியணு லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி கைலோமைக்ரானில்தான் ஏறும்.

அளவு 2 முதல் 10 வரை என்றால் கல்லீரலின் வி.எல்.டி.எல். உற்பத்தியைக் குறைப்பதுதான் வழி: இனிப்புப் பானம், வெள்ளை ரொட்டி, அளவுக்கு மிஞ்சிய சோறு, மது ஆகியவற்றைக் குறைப்பது, எடையில் 5 முதல் 10 சதவீதம் இறக்குவது, தினமும் நடப்பது. கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சௌ-வில் குழம்பைவிட ரொட்டியும், கூடக் குடிக்கும் பானமும் இங்கே அதிகம் கணக்கில் வரும்.

மருந்தில், பெசாஃபைப்ரேட், ஃபீனோஃபைப்ரேட் போன்ற ஃபைப்ரேட் வகை எல்.பி.எல்.-லைக் கூட்டி, அப்போ சி-3-ஐக் குறைக்கிறது. நொதியே பழுதானவருக்கு இதனால் பெரிய பலன் இருக்காது. ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்க்கக் கூடாது. ஸ்டாட்டின் அளவு ரத்தத்தில் ஏறித் தசை சிதையலாம். ஒமேகா-3 நாளுக்கு 2 முதல் 4 கிராம் வரை கொடுத்தால்தான் அளவு இறங்கும். கடையில் வாங்கும் ஒரு மாத்திரையில் அதில் சிறு பங்குதான் இருக்கும்.

நொதி இல்லாதவர்களுக்கு

2012-இல் ஐரோப்பா எல்.பி.எல். மரபணுவைத் தொடைத்தசையில் செலுத்தும் சிகிச்சை ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. விலை பத்து லட்சம் யூரோ அளவில் இருந்தது. வாங்க ஆளில்லாமல் 2017-இல் நின்றுபோனது.

பிறகு திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. அப்போ சி-3 தடுப்பது எல்.பி.எல்.-லைத்தான், ஆகவே நொதியே இல்லாதவருக்கு அதைக் குறைத்து என்ன பயன் என்று நினைத்திருந்தார்கள். 2014-இல் அத்தகைய மூன்று பேருக்கு அப்போ சி-3 உற்பத்தியை நிறுத்தும் மருந்து கொடுத்தபோது மூவருக்கும் ட்ரைகிளிசரைடு பாதிக்கும் கீழே இறங்கியது. எல்.பி.எல். இல்லாமலும் கல்லீரல் கொழுப்புப் பொட்டலங்களை இழுத்துக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது. அதை அப்போ சி-3 மூடிவைத்திருந்தது. அந்த வழியைத் திறக்கும் ஒலெசார்சன் என்ற மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. மாதம் ஒரு ஊசி, தோலுக்கடியில், நாமே போட்டுக்கொள்ளலாம். நொதியை அது தருவதில்லை என்பதால், ஊசி போட்டுக்கொள்பவருக்கும் கொழுப்பு வரம்பு தொடர்கிறது: நாளுக்கு 20 கிராமுக்கு உள்ளே.